கல்லில் ஒட்டிய மிச்சம்

ஆனி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, வெயிலும் சாரலும் ஒருங்கே விழுந்துகொண்டிருக்க, கணவாயைக் கடந்து வந்த மேல்காற்று தெருவில் கிடந்த மரத்தூளையெல்லாம் ஈர மாவாகப் பிசைந்துகொண்டிருந்த வேளையில், மேலக்கணவாய் மரஆலைச் சங்கத்தின் தலைவர் திரவியம், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாம் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த பழைய இழைப்பு மெஷினின் பிளேடுகள் ஜெர்மனியில் செய்த ஹைஸ்பீடு எஃகு என்று, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மெஷினில் பெயர்த்தகடு இல்லை. அது இருந்த இடத்தில் ஆணித்துளைகள் மட்டும் இருந்தன. பெயர்த்தகடு இல்லாத எல்லா மெஷினும் ஜெர்மனி என்பதும், நெற்றி அகன்ற எல்லாக் குழந்தையும் கலெக்டர் ஆகும் என்பதும் அந்த ஊரின் நம்பிக்கைகள். ஆவுடைநாயகி இரண்டையும் ஒரே அளவில்தான் மதித்தாள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. கோயம்புத்தூரில் உலோகவியல் படித்து, அங்கேயே ஒரு கருவித் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து, கணவன் இறந்த பிறகு, தம்பி உச்சிமாகாளி அழைத்தான் என்ற ஒரே காரணத்துக்காகப் பிறந்த ஊருக்குத் திரும்பி, ஆலைகளின் ரம்பங்களையும் பிளேடுகளையும் தீட்டிக் கொடுக்கும் பட்டறை ஒன்றை நடத்திவந்தாள். பழைய மெஷின் எது வந்தாலும் அதன் பிளேடு என்ன இரும்பு என்று சொல்ல அவளிடம்தான் வரவேண்டும். இரும்பு இன்னதென்று தெரியாமல் தீட்டினால் ஒன்று சூட்டில் மெத்துப்போகும், இன்னொன்று விரிசல் விடும். வருகிறவர்கள் கேட்பார்கள், அவள் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பிறகு அவள் சொன்னபடியே தீட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களுடைய அறியாமையைவிட அந்த ஒப்புக்கொள்ளாமையைத்தான் அவள் அதிகமாக வெறுத்தாள்.

அவளுடைய முறையில் அவசரத்துக்கு இடமில்லை. முதலில் பிளேடின் முகத்தைத் துடைத்து, எழுத்து ஏதும் அடித்திருக்கிறதா என்று சாய்வெளிச்சத்தில் பார்ப்பாள். பிறகு அரத்தை ஓரத்தில் மெல்ல இழுத்து, அது கடிக்கிறதா வழுக்குகிறதா என்று காதால் கேட்பாள். கடைசியாகத்தான் சாணைக்கல்லில் தொட்டுப் பொறியைப் பார்ப்பாள். வெள்ளையாக நீண்டு, நுனியில் வெடித்துப் பூப்பூவாகப் பிரிந்தால் அது சாதாரணக் கார்பன் எஃகு: பார்க்க அழகு, சூடேறினால் முனை போய்விடும். மங்கிய சிவப்புக் கோடாக, வெடிக்காமல் ஓடினால் ஹைஸ்பீடு: அழகில்லை, ஆனால் எவ்வளவு சூடேறினாலும் வெட்டும். கல்லை விட்டு விலகாமலே செங்கல் நிறத்தில் குட்டையாகச் செத்துப்போனால் அது பீடு, வார்ப்பிரும்பு: அதில் யாரும் பிளேடு செய்வதில்லை, ஓங்கித் தட்டினால் உடையும். ஒவ்வொரு தொடுதலுக்குப் பிறகும், நுனியில் வைரத்துணுக்குப் பதித்த டிரஸ்ஸரால் கல்லின் மேல்தோலைச் சுரண்டி எடுத்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவாள்; சுரண்டாத கல்லில் முந்தின இரும்பின் துகள் ஒட்டியிருக்கும், அடுத்து எதை வைத்தாலும் முந்தினதே பேசும். பிடிக்காத விடை வந்தால் மட்டும் மறுபடி சோதிக்கிறவன் சோதிக்கவில்லை, பேரம் பேசுகிறான் என்பது, அவள் சோதனைக்கூடத்திலிருந்து சீதனமாகக் கொண்டுவந்த ஒரே வாக்கியம்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் மெஷினின் பிளேடு ஒன்றைக் கழற்றிக் கல்லில் தொட்டாள். வெள்ளைப் பூக்கள் சிதறின.

"கார்பன் எஃகு அண்ணாச்சி. சூடேத்தாம தீட்டணும். ஓட்டும்போதும் நடுநடுவ நிறுத்திக்கிடணும்."

"என்னம்மா சொல்லுத? ஜெர்மன் சாமானாக்கும். நல்லாப் பாரு."

"பாத்துட்டேன்."

"எங்கன பாத்த? இந்த ஓரத்தப் பாரு, இங்கன" என்று திரவியம், ஓடிக்கொண்டிருந்த கல்லுக்கு மிக அருகில் நீட்டிய சுட்டுவிரலை, அந்த வேகத்திலேயே கல்லில் வைத்துவிட்டார்.

அவருடைய நகத்திலிருந்து பொறி பறந்தது. ரத்தம் வரவில்லை, நகம் தேயவில்லை, வலிக்கவுமில்லை. வெள்ளைப் பொறி நீளமாகக் கிளம்பி, தகரக் கூரை வரை போய்ப் பூத்து, நிதானமாக உதிர்ந்தது.

"அண்ணாச்சிக்குப் பூவால்லா வருது" என்றாள், எதிரே டீக்கடை வைத்திருக்கும் முப்புடாதி, தெருவில் தன் ஆட்டைக் கயிற்றில் பிடித்து நின்றபடி. அந்த ஊர் தன் ஆச்சரியத்தை அந்த ஒரு வாக்கியத்தில் செலவழித்து முடித்துவிட்டது.

அடுத்து, மெஷினை இறக்க வந்திருந்த உச்சிமாகாளி, "எனக்கு என்ன வருதுன்னு பாப்பமே" என்று விரலை வைத்தான். செங்கல் நிறத்தில் ஒரு குட்டைப் பொறி கல்லோடு ஒட்டிச் செத்தது. கூட்டம் சிரித்தது. அவனுக்கு அடுத்து, தலைவரின் மச்சினன் செந்தூர்பாண்டி வைத்தான், பூவாகக் கொட்டியது. கூட்டம் கைதட்டியது. அதற்கடுத்து இன்னொருவர், அவருக்குச் சிவப்புக் கோடு. அதற்கடுத்து இன்னொருவர், இன்னொருவர் என்று வரிசை தெரு வளைவு வரை நீண்டது.

மனித நகத்தில் பொறி வந்ததைப் பற்றி ஆவுடைநாயகிக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை; உலகத்தில் வராதது எது வேண்டுமானாலும் ஒருநாள் வரலாம். டிரஸ்ஸர் படாத கல்லில் அடுத்த ஆளை வைத்ததுதான் அவளுக்குக் கல்லைக் கடித்ததுபோல் இருந்தது. தலைவருக்கு வந்த பூ அந்தப் பழைய பிளேடின் மிச்சம். தம்பிக்கு வந்த பீடு தலைவரின் மிச்சம். மச்சினனுக்கு வந்த பூ தம்பியின் மிச்சம். மூன்றாவது விரலிலேயே அவளுக்கு இது விளங்கிவிட்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் திரவியம் தம் விரலைத் தாமே கண்ணில் ஒற்றிக்கொண்ட காட்சி அவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ந்த இன்பத்தைக் கொடுத்தது. இந்த மடையர்களுக்கு அவரவர் முன்னால் நின்றவனின் இரும்பு கிடைப்பதே நியாயம் என்று நினைத்துக்கொண்டு, வாயை மூடி, பட்டறையின் பின்பக்கத்துச் சிறிய கல்லில் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆனி முடிவதற்குள், அந்தக் கல் இல்லாத காலத்தில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் எதைக்கொண்டு அளந்தார்கள் என்பதே மேலக்கணவாய்க்கு மறந்துபோயிற்று. பூப்பொறிக்காரர், கோட்டுப்பொறிக்காரர், பீடுக்காரர் என்று ஊர் மூன்றாகப் பிரிந்து நிமிர்ந்து உட்கார்ந்தது. பூதான் உயர்வு என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை, ஏனென்றால் அது கண்ணுக்கு அழகாக இருந்தது, அழகாகப் பொறி விடுவது மலிவான இரும்பு என்று ஆவுடைநாயகி ஒருமுறை சொன்னபோது, "நாங்க என்ன மரமா அறுக்கப் போறோம்?" என்று, மரம் அறுத்தே மூன்று தலைமுறையாகச் சோறு தின்றவர்கள் அவளைக் கேட்டார்கள். பெண் பார்க்கப் போனவர்கள் ஜாதகத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பெண்ணின் மோதிரவிரலைக் கேட்டார்கள். பெயர் வைக்கிற நாளில் குழந்தையைக் கல்லுக்குத் தூக்கி வந்து, பூ வந்தால் சர்க்கரையும் கோடு வந்தால் கற்கண்டும் கொடுத்தார்கள், பீடு வந்தால் பெயர் வைப்பதை இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போட்டார்கள். கோயில் பூசாரிக்கே பீடு வந்தபோது சற்றுச் சிக்கலாயிற்று. தெய்வத்தின் முன்னிலையில் எல்லோரும் உடையக்கூடியவர்கள்தாம் என்று அவர் அளித்த விளக்கம் நன்றாகவே எடுபட்டது. முப்புடாதியின் கடையில், பீடுக்காரர் தொட்டால் கண்ணாடி விரிசல் விடும் என்று அவர்களுக்குக் காகிதக் கப்பு வைக்கப்பட்டது. ஒரு காலத்தில் இதே தெருவில் சாதிக்கொரு தம்ளர் கூடாது என்று சண்டை போட்டு மண்டை உடைபட்ட குடும்பத்தின் பேரன்தான், அந்தக் கப்பை முதலில் கேட்டு வாங்கிவைக்கச் சொன்னவன்.

கல்லுக்குச் சந்தனம் வந்தது, குங்குமம் வந்தது, வெள்ளிதோறும் நல்லெண்ணெய் வந்தது. எண்ணெய் குடித்த கல் துளையெல்லாம் அடைபட்டு, ஊர் நகங்களின் இரும்பையெல்லாம் மேலே பூசிக்கொண்டு, கறுப்பாக, கண்ணாடியாக மின்னியது. அந்த மினுமினுப்பை அருள் என்றார்கள். ஒருநாள் ஆவுடைநாயகி பழக்கதோஷத்தால் டிரஸ்ஸரைக் கையில் எடுத்தபோது, "சாமி மூஞ்சியச் சுரண்டுததாக்கும்?" என்று வரிசையில் நின்ற பெண்கள் பதறி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் டிரஸ்ஸரை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். இவர்களுக்கு ஒரு கல்லின் முகத்துக்கும் சாமியின் முகத்துக்கும் வேற்றுமை தெரியாவிட்டால், நஷ்டம் சாமிக்குத்தான் என்று நினைத்தாள்.

ஆடி பிறந்ததும் அந்த இழைப்பு மெஷினைத் திரவியத்தின் ஆலையில் நிறுத்தினார்கள். அதே நாளில் சங்கம் கூடி, பீடுக்காரர்கள் மெஷினில் நிற்கக்கூடாது, அவர்கள் கைபட்டால் மெஷினும் உடையும் என்று முடிவு செய்தது. மீசை முளைக்குமுன் இழைப்பு மெஷினில் நிற்கத் தொடங்கிய உச்சிமாகாளியின் கையில் துடைப்பத்தைக் கொடுத்து மரத்தூள் அள்ள அனுப்பினார்கள். அவனிடத்தில், பலகையின் எந்தப் பக்கம் மேல்பக்கம் என்று பலகையையே கேட்கக்கூடிய செந்தூர்பாண்டியை நிறுத்தினார்கள்.

இது ஆவுடைநாயகியின் காதுக்கு வந்தபோது கூட அவள் முதலில் சிரிக்கத்தான் செய்தாள். மாகாளி சண்டை போடுவான், தலைவரின் சட்டையைப் பிடிப்பான், வேறு ஆலைக்குப் போவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஒன்றும் செய்யவில்லை என்று கேள்விப்பட்டுத்தான் அவன் வீட்டுக்குப் போனாள். மடித்துப்போட்ட கம்பளியின்மேல், முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, கால்களை மெல்ல நீட்டி, வெளியூருக்கு அனுப்பக் கட்டிவைத்த பீங்கான் சாமானைப்போல் அவன் உட்கார்ந்திருந்தான்.

"ஏல, என்ன இது கோலம்?"

"பதனமா இருக்கணும்லாக்கா. விழுந்தா ரெண்டாப் போயிருவேன்."

"எவன் சொன்னான்?"

"எவன் சொல்லணும்? உள்ள கேக்குல்லா. திரும்பிப் படுத்தா டொக்குன்னு ஒரு சத்தம்."

"அது கட்டில் சத்தம்டே."

"நீ அப்படித்தான் சொல்லுவ." அவன் பேசும்போதுகூட வாயை முழுக்கத் திறக்கவில்லை. "சின்னவளத் தூக்கக்கூடாதுன்னு எம் பொஞ்சாதி சொல்லிட்டா. புள்ள வந்து மேல மோதிரும்னு கதவச் சாத்திவச்சிருக்கோம்."

கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை தட்டிக்கொண்டிருந்தது. ஆவுடைநாயகி அதைச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாகாளி, நல்லாக் கேட்டுக்கோ. நீ பீடு இல்ல. கல்ல சுத்தம் பண்ணாம வச்சாங்க. உனக்கு வந்தது உனக்கு முந்தி நின்னவரு பொறி."

"அண்ணாச்சியோடதா?" அவன் விலா நோகாமல் மூக்கால் சிரித்தான். "தம்பிங்கறதுக்காவ பொய் சொல்லுத. உனக்குப் பழக்கமில்லக்கா, ஒட்டமாட்டேங்கு."

ஊரின் முட்டாள்தனத்தை அவள் இதுவரை தெருவில் வைத்துத்தான் பார்த்திருந்தாள். அது தன் தாய் வயிற்றில் பிறந்தவனின் எலும்புக்குள் புகுந்து உட்கார்ந்திருப்பதை இப்போதுதான் பார்த்தாள். அவனை மறுபடி மெஷினின்முன் நிறுத்தாவிட்டால், எந்த வியாதியும் இல்லாமல், வெறும் ஜாக்கிரதையாலேயே அவன் செத்துப்போவான் என்பது அவளுக்கு உறுதியாயிற்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, வரிசை நீண்டு நின்றபோது, அவள் பின்பக்கத்திலிருந்து வந்து, சுவரில் தொங்கிய மாதிரித் துண்டுகளில் இரண்டை எடுத்துக்கொண்டு கல்லின் முன் நின்றாள். திரவியம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் ஒரு பெண்ணுக்குக் கோடு வந்து முடிந்திருந்தது, அவளுக்கு முன் நின்றவனுக்குப் பூ.

"இது பீடு. வெறும் அடுப்புக் கம்பி. எல்லாரும் பாத்துக்கிடுங்க" என்று முதல் துண்டைக் கல்லில் தொட்டாள். வெள்ளைப் பூ கொட்டியது. "இது இப்பம் கடைசியா விரல் வச்ச அம்மாவோட பூ." இரண்டாவது துண்டைத் தொட்டாள். "இது ஹைஸ்பீடு." செங்கல் நிறத்தில் ஒன்று கல்லோடு செத்தது. "இது அடுப்புக் கம்பியோடது. கல்லு முந்தினதத்தான் பேசும். உங்க எல்லாருக்கும் வந்தது உங்களுக்கு முன்னால நின்னவரு பொறி."

அவர்கள் வெட்கப்படுவார்கள் என்று அவள் ஒரு கணம் நம்பினாள். அவ்வளவு படித்தவள் அவ்வளவு எளிதாக நம்பியிருக்கக்கூடாது.

"அப்பம் எனக்கு வந்தது எனக்கு முந்தி நின்ன பால்காரரோடதா?" என்றாள் முப்புடாதி.

"ஆமா."

"அப்பம் என்னோடது எவ கிட்ட இருக்கு?"

அந்தக் கேள்வி காய்ந்த மரத்தூளில் தீ போல வரிசையின் நுனிவரை ஓடியது. எனக்குப் பின்னால் யார் நின்றது, உனக்குப் பின்னால் யார் நின்றது என்று ஊரே முதுகைத் திருப்பித் திருப்பித் தேடியது. கோயிலில் முதல் விபூதி யாருக்கு, இரண்டாவது யாருக்கு என்பதைத் தாத்தா காலத்திலிருந்து மறக்காத ஊர், ஆனியில் யாருக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பதையா மறக்கும்? நண்பகலுக்குள் பூக்காரர் பலர் கோடானார்கள், கோடு சிலர் பூவானார்கள், காகிதக் கப்பில் குடித்தவர்கள் கண்ணாடித் தம்ளரைக் கேட்டு வாங்கி, தங்களுக்கு அடுத்தவனிடம் காகிதக் கப்பை நீட்டினார்கள்.

ஆவுடைநாயகி டிரஸ்ஸரை எடுத்துக்கொண்டு வந்தாள். "எதுக்கு இந்த அடிபிடி? இப்பமே கல்லச் சுரண்டுதேன். ஒவ்வொருத்தரா சுத்தமான கல்லுல வைங்க."

"சுரண்டினா இதுவரைக்கும் வந்ததெல்லாம் பொய்னு ஆயிரும்லா?" என்றார் பூசாரி, இப்போது கோடாகிவிட்டவர்.

"பொய்தானே சாமி."

"பொய்னு சொல்லாதீங்கம்மா. ஒரு ஆள் தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான்."

அந்த வாக்கியத்தில் எல்லோரும் ஆறுதல் அடைந்தார்கள். பிறகுதான் யாரோ முதல் வெள்ளிக்கிழமையை எண்ணத் தொடங்கி, தலைவருக்குப் பின் மாகாளி நின்றதையும், மாகாளிக்கு என்ன வந்தது என்பதையும் நினைத்துப்பார்த்து, எண்ணுவதை நிறுத்திக்கொண்டார். வரிசையின் கண்களெல்லாம் நாற்காலிக்குத் திரும்பின.

திரவியம் மேல்துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"நடுவுல ஆடு வந்துதுல்லா?" என்றார்.

"எந்த ஆடு?" என்றாள் முப்புடாதி.

"உன் ஆடுதான் தாயி. நான் கைய எடுத்ததும் அது கொம்பக் கொண்டு வச்சுது. அதுக்கு அப்பறம்தான் மாகாளி. நீதான கயித்தப் பிடிச்சிக்கிட்டு நின்ன?"

"நான் தெருவுலல்லா நின்னேன்."

"கயிறு நீளம்லா."

பிறகு செந்தூர்பாண்டி, "எடது கொம்பு" என்றான். "நான் பாத்தேன். கொம்புல பூப்பூவாக் கொட்டிச்சு." பால்காரருக்கு அந்தப் பூ நினைவு வந்தது. பூசாரிக்கு ஆடு கத்தியது நினைவு வந்தது. அன்று ஊரிலேயே இல்லாத ஒருவருக்கு, ஆடு கல்லைச் சுற்றி வந்துவிட்டுத்தான் கொம்பை வைத்தது என்பது நினைவு வந்தது.

"ஆடு என் வாசப்படி ஏறவே இல்ல" என்றாள் ஆவுடைநாயகி.

"உனக்கு இரும்பு தெரியும்மா, மறுக்கல" என்றார் திரவியம் கனிவாக. "ஆடு தெரியாது."

அவ்விதமாக, ஆட்டின் கொம்பில் பூத்தது தலைவரின் பூ என்றும், மாகாளிக்கு வந்த பீடு ஆட்டினுடையது என்றும், மாகாளிக்கு அடுத்த செந்தூர்பாண்டியிடம் கொட்டிய பூ மாகாளியுடையது என்றும், செந்தூர்பாண்டி தனக்கடுத்தவருக்கு வந்த கோடுதான் என்றும் ஊர் தீர்த்தது. ஒரு ஆளைத் தள்ளி நிறுத்தியதில் கல்லின் மகிமை குறையவில்லை, கூடியது. தவற்றைத் திருத்திக்கொள்ளும் தெய்வம் வேறெந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார்கள். அங்கேயே மாகாளிக்கு மெஷினைத் திருப்பிக் கொடுத்தார் தலைவர். ஆவுடைநாயகி கேட்க வந்தது முழுவதும் கிடைத்துவிட்டது. அவள் டிரஸ்ஸரைக் கையில் வைத்துக்கொண்டு, தன் நாக்கைக் கொடுத்து ஒரு பொய்யை வாங்கினவளைப்போல் நின்றாள்.

மாலையில் மாகாளி வந்தான். கதவுநிலையில் வேண்டுமென்றே தோளை இடித்துக்கொண்டு நுழைந்து, அவளுடைய வேலைமேசையில் தொப்பென்று ஏறி உட்கார்ந்தான். நெஞ்சை ஒருமுறை தட்டிக் காட்டினான்.

"பாத்தியா? ஒரு சத்தம் இல்ல."

"சின்னவளத் தூக்குனியா?"

"தூக்குனேன், தூக்குனேன். செந்தூர்பாண்டிய கூட்ட விட்டிருக்கேன்க்கா. கோட்டுக்காரன், பாவம், அவன் என்ன செய்வான். பொறப்பு அப்படி."

"அப்படிப் பேசாத. போன வாரம் உன்ன அப்படித்தான் சொன்னாவ."

"அது கல்லுல உள்ள குத்தம். இது அப்படி இல்லல்லா."

"கார்பன் எஃகு சூடேறுனா மெத்துப்போவும், தெரியும்லா? பூவு பூக்குத இரும்புல அவ்வளவுதான் சரக்கு."

அவன் அவளை முதன்முறையாக, மேலிருந்து கீழாகப் பார்த்தான். அது அவளுடைய பார்வைதான். திரவியத்தையும் பூசாரியையும் வரிசையில் நின்ற மனிதர்களையும் அவள் பார்த்துவந்த அதே பார்வை, அவள் முகத்தின் சாடையோடு, அவன் முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

"பொறாமப்படாதக்கா. ஊரே வச்சாச்சு, நீ ஒருக்காகூட விரல வைக்கலியே. பயமா?"

"எனக்கு எதுக்கு? எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

சோதித்துப்பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை என்பதுதான் உண்மை. வேடிக்கை காட்டாத சிவப்புக் கோடு, வெடிக்காது, பூக்காது, எந்தச் சூட்டிலும் முனை மழுங்காது: தன்னைப் பற்றி இவ்வளவும் அவளுக்கு, ஒரு பொறிகூடப் பார்க்காமல், வெகுகாலமாகவே தெரிந்திருந்தது.

மறுநாள் காலை திரவியம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கல்லுக்குப் பத்தடி தூரத்துக்குள் கால்நடைகள் வரக்கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார். தீர்மானம் முடியும்வரையும், முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதும், எதிர்ப்பட்டவர்கள் கும்பிட்டபோதும், வலதுகையைச் சட்டைப்பையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. செந்தூர்பாண்டி ஆலையைக் கூட்டினான். பாதியில், இன்னமும் பீடாகவே இருந்த ஒரு கிழவரைக் கண்டுபிடித்து, துடைப்பத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, எப்படிக் கூட்டவேண்டும் என்று நின்று சொல்லிக்கொடுத்தான். உச்சிமாகாளி மெஷினுக்கு மாலை போட்டான். சூடேறினால் நிறுத்தவும் என்று அக்கா எழுதி ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்தான். பூப்பொறிக்காரனுக்கு என்ன ஓய்வு என்று நிறுத்தாமல் பலகைமேல் பலகையாகத் தள்ளி, கருகல் வாசனை எழுந்தபோது அது தேக்கின் எண்ணெய் என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான். முப்புடாதி கடையைத் திறக்கவில்லை. ஆட்டைக் குளிப்பாட்டி, கொம்பில் எண்ணெய் தடவி, "என் ஆட்ட பீடுன்னு சொல்ல எவனுக்குல உரிமை இருக்கு? அதுக்கும் ஒரு மானம் இருக்கு" என்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே, விடிந்தும் விடியாமல் பட்டறை வாசலில் முதல் ஆளாக வந்து நின்றாள்.

ஆவுடைநாயகி அவளுக்கும் முன்னால் எழுந்திருந்தாள். பட்டறைக் கதவை உள்ளே தாழிட்டு, சந்தனத்தையும் குங்குமத்தையும் சோப்புத்துணியால் துடைத்து, டிரஸ்ஸரை ஒட்டிப் பிடித்து, கறுத்த தோல் முழுவதும் உரிந்து கல் தன் பிறவி நிறத்துக்கு வரும்வரை சுரண்டினாள். மாதிரித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையே சுரண்டி, அதது தன்னையே பேசுகிறதா என்று சரிபார்த்தாள், பேசியது. கடைசியாக ஒருமுறை சுரண்டிவிட்டு, மேல்சாரலின் ஈரம் கையில் இல்லாமல் துடைத்து, சுட்டுவிரலைக் கல்லில் வைத்தாள்.

வெள்ளையாக, நீளமாக, ஊரில் இதுவரை எவருக்கும் வராத அடர்த்தியில் கிளம்பி, தகரக் கூரையைத் தொட்டு வெடித்து, கிளைக்குக் கிளை பூத்து, அவள் தலைமேல் மெல்ல உதிர்ந்தது.

அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாதிரித் துண்டுகளில் கடைசியாகத் தொட்டது கார்பன் எஃகுதான், கல்லின் துளைக்குள் எங்காவது துகள் தங்கியிருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, இன்னும் ஆழமாகச் சுரண்டி, மறுபடி வைத்தாள். மறுபடி பூத்தது.

வெளியே ஆடு கத்தியது. "யக்கா, கதவத் திறங்க, நாங்க ரெண்டு பேரும் வந்து எவ்வளவு நேரமாச்சு" என்று முப்புடாதி தட்டினாள்.

"கொஞ்சம் பொறுட்டி, கல்லு சுத்தமா இல்ல" என்று உள்ளிருந்து சொல்லிவிட்டு, ஆவுடைநாயகி டிரஸ்ஸரைக் கையில் எடுத்தாள்.